சாயப் பொடியின் தீங்கை மதிப்பிடும் முறை

நம் மாநிலத்தில் உழவுக்கு அடுத்தபடியாகக் கிராமக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பிழைப்பளித்து வருவது நெசவும் அதனைச் சார்ந்த தொழில்களுமேயாகும். நெசவு உள்ள இடத்தில் சாயமும் உண்டு. கரூர், ஈரோடு, சேலம், காஞ்சிபுரம் முதலிய பகுதிகளில் நூலுக்குச் சாயமேற்றும் பட்டறைகள் உள்ளன. பாய் நெய்யும் ஊர்களில் கோரைக்குச் சாயமேற்றும் அடுப்புகள் வீட்டு முற்றத்திலேயே எரிகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில், வயலில் வேலையில்லாத உழவர் வீட்டு ஆண்களும் பெண்களும் இப்பட்டறைகளுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே சாயம் என்பது நெசவாளர் மட்டுமே கவலைப்பட வேண்டிய விஷயமாக இல்லை. ஊரார் அனைவருக்கும் உரிய விஷயமாகும்.

சாயப் பட்டறையினால் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நேரும் கேட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். 2011ஆம் ஆண்டில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் நொய்யல் ஆற்று நீரின் பொருட்டேயாகும். ஆனால், கழிவு நீராக ஆற்றைச் சேர்வதற்கு முன், அச்சாயம் முதலில் சேருமிடம் தொழிலாளியின் தோலும் கண்ணும் மூச்சுக் குழலுமே என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தீங்கை எவ்வாறு மதிப்பிடுவது, அதனைத் தடுக்கப் பட்டறைக்காரரும் பஞ்சாயத்தாரும் என்ன செய்யலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"ஆர்கானிக்" என்னும் சொல்

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரசாயன உரமிடாமல் விளைந்த காய்கறியை இக்காலத்தில் கடைகளில் "ஆர்கானிக்" என்று கூறி விற்கின்றனர். அச்சொல்லே சாயப் புட்டியின் மீதும் காணப்படுமாயின், அச்சாயமும் இயற்கையானது, தீங்கற்றது என்று எண்ணிவிடுதல் எளிது. ரசாயன நூலில் அச்சொல்லின் பொருள் வேறு. கரியணுக்களை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்கள் யாவும் அந்நூலில் கரிமப் பொருள்களே. மண்ணெண்ணெயும் கரிமப் பொருள். பூச்சி மருந்துகளிற் பெரும்பாலானவையும் கரிமப் பொருள்களே.

1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்பார் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஊதாச் சாயத்தைச் செய்தார். அதன் பிறகு ஆலைகளில் செய்யப்பட்டு வந்துள்ள பல்லாயிரம் சாயங்களும் இவ்வகையினவே. எனவே "கரிமச் சாயம்" என்ற பெயர் அதன் பாதுகாப்பைப் பற்றி நமக்கு எதனையும் கூறுவதில்லை. செடியிலிருந்து கிடைப்பதனாலேயே ஒரு சாயம் தீங்கற்றதாகிவிடும் என்பதுமில்லை. மருதாணிப் பொடியின் தூசியை நாள்தோறும் சுவாசித்தவர்களுக்கு இழுப்பு நோய் கண்டதுண்டு. எச்சாயமாயினும் அதனைத் தனித்தனியே மதிப்பிட்டறிவதே முறையாகும்.

துணியைப் பற்றும் குணம்

பருத்தி நூலுக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது "ரியாக்டிவ்" வகைச் சாயமாகும். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்து அறிஞர்களான ராட்டீ, ஸ்டீபன் ஆகிய இருவரும் கண்டறிந்த இச்சாயம் 1956ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னிருந்த சாயங்கள் பலவும் நூலின் மீது படிந்து நிற்பவை. ஆதலால் துவைக்கத் துவைக்க வெளுத்தன. ரியாக்டிவ் சாயமோ பருத்தி இழையுடன் ரசாயன முறையில் பிணைந்து, இழையின் ஒரு கூறாகவே ஆகிவிடுகிறது. அதன் பளிச்சென்ற நிறத்திற்கும் கெட்டிக்கும் பெயர் ஏற்பட்டது இதனாலேதான்.

ஆனால், பருத்தி இழையைப் பற்றிக்கொள்ளும் இக்குணம், நம் உடலிலுள்ள புரதத்தையும் அவ்வாறே பற்றிக்கொள்ள வல்லது. உலர்ந்த பொடியாக மூக்கினுள்ளும் மூச்சுக் குழலினுள்ளும் சென்ற சாயத்துகள், அங்குள்ள ஈரத்தில் கரைந்து, உடற்புரதத்துடன் பிணைகிறது. சாயம் பிணைந்த அப்புரதத்தை உடல் தன்னுடையதெனக் கொள்ளாமல், அயலான் என எண்ணி எதிர்க்கத் தொடங்கினால், அதுவே ஒவ்வாமையாகவும் ஆஸ்துமாவாகவும் முடிகிறது. சாயத் தொழிலாளரிடையே இந்நோய் காணப்பட்டமை 1970களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். ரியாக்டிவ் சாயம் நீரில் கரைந்து, சோடா ஆஷ் சேர்ந்து, தன் வேலையை முடித்துவிட்டதாயின், அதன் பற்றும் ஆற்றலும் பெரும்பாலும் தீர்ந்து போகிறது. ஆதலின் இச்சாயத்தினால் வரும் பேரபாயம் கொதிக்கும் தொட்டியைவிடப் பொடியை எடுத்து நிறுக்கும் தராசின் அருகிலேயே மிகுதி. பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும் தொட்டியைக் கண்டு நாம் அஞ்சுகிறோம்; சிறிய தராசைக் கவனியாது விடுகிறோம்.

எரிச்சலும் ஒவ்வாமையும்

தீங்கை மதிப்பிடுவோர் எரிச்சல், ஒவ்வாமை என்னும் இரண்டனையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

எரிச்சல் என்பது பொருள் பட்ட இடத்தில் அப்பொழுதோ சிறிது நேரத்திலோ தோன்றுவது. பொருளின் அளவு மிகுந்தால் எரிச்சலும் மிகும், குறைந்தால் குறையும். ஏறக்குறைய எல்லாரையும் அது ஒரு தன்மையாகவே தாக்கும். பொருளை விலக்கினால் பெரும்பாலும் ஆறிவிடும். மிளகாய் வற்றல் இடிக்கும்போது வரும் தும்மலும் கண்ணெரிச்சலும் இவ்வகையின.

ஒவ்வாமையோ அவ்வாறன்று. அது ஒரு சிலருக்கே வரும். யாருக்கு வருமென்று முன்கூட்டி அறிதல் அரிது. முதல் நாளில் ஒன்றும் தோன்றாது. சில மாதங்களோ சில ஆண்டுகளோ சென்ற பின்னரே தலைகாட்டும். ஒரு முறை வந்துவிட்டாலோ, அதன் பின் இம்மியளவு தூசியும் நோயை எழுப்பப் போதுமானதாகிவிடும். பத்தாண்டுகள் தீங்கின்றி வேலை செய்தவர், "என் உடலுக்கு இது பழகிவிட்டது" என்று கூறுவதை நாம் கேட்கிறோம். பழக்கத்தினால் ஒவ்வாமை நீங்குவதில்லை. நாட்பட்ட பழக்கத்தினாலேதான் அது உண்டாகிறது.

ஆய்வுக்கூடத்தில் அறியும் விதம்

ஒரு பொருள் தோலையும் கண்ணையும் உறுத்துமா என்பதைக் கண்டறிய, 1944ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஆய்வாளரான ஜான் டிரெய்ஸ் என்பார் ஒரு முறையை வகுத்தார். முயலின் மயிர் களைந்த தோலில் பொருளைச் சிறிதளவு இட்டு, சில மணி நேரம் வைத்திருந்து எடுத்து, தோல் சிவக்கிறதா, வீங்குகிறதா என்று நாட்கணக்கில் பார்த்து எண் இடுவர். கண்ணிலும் அவ்வாறே இட்டு, 21 நாள் வரையில் கவனிப்பர். அதற்குள் ஆறிவிடும் உறுத்தல் ஒரு வகை; ஆறாமல் நிலைத்துவிடும் கேடு அதனினும் கொடிய வகை.

உயிர்களை வருத்தும் இம்முறைக்கு மாற்றாகப் புதிய முறைகள் வந்துள்ளன. மனிதத் தோலின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மெல்லிய தோல் போன்ற படலமாக்கி, அதன் மீது பொருளை இட்டுப் பார்க்கும் சோதனை 2010ஆம் ஆண்டில் நாடுகளுக்கிடையிலான வழிகாட்டு முறையாக ஏற்கப்பட்டது. கண்ணின் கருவிழிப் படலத்தை ஒத்த அமைப்பைக் கொண்டு செய்யும் சோதனை 2015ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. தோல் சோதனையில் படலத்தின் உயிரணுக்களில் பாதியோ அதற்கு மேலோ மடிந்துவிட்டால், அப்பொருள் எரிச்சலூட்டுவதெனக் கொள்வர்.

சாயத்தைச் சோதிப்பதில் தனிப்பட்ட ஒரு சிக்கல் உண்டு. முயலின் தோலில் சிவப்புச் சாயத்தை இட்டால், தோல் சிவந்தது எரிச்சலாலா, சாயத்தாலா என்று எவ்வாறு கூறுவது? புதிய முறையிலும் இச்சிக்கல் தீர்ந்தபாடில்லை. உயிருள்ள அணுக்கள் மஞ்சள் நிற உப்பொன்றை ஊதா நிறமாக மாற்றும். அந்த ஊதாவை அளந்தே எத்தனை அணுக்கள் பிழைத்துள்ளன என்று கணக்கிடுவர். சோதிக்கும் பொருளே ஊதாச் சாயமாயின் கணக்குப் பிறழும் அன்றோ? ஆகவே சாயத்தின் நிறத்தைக் கழித்துப் பார்ப்பதற்கென்று தனிச் சோதனைகளை உடன் வைக்கின்றனர்.

ஆய்வுக்கூடத்தில் நேரும் இம்மயக்கம் பட்டறையிலும் நாள்தோறும் நேர்கிறது. சாயம் தோய்ந்த கையில் தோலின் சிவப்பு தெரிவதில்லை. "கையெல்லாம் சாயந்தான், வேறொன்றுமில்லை" என்று தொழிலாளி கூற, நாமும் நம்பிவிடுகிறோம். ஆதலின் நிறத்தைப் பாராமல் வேறு குறிகளைப் பார்த்தல் வேண்டும். விரலிடுக்கில் வெடிப்பு உண்டா? மணிக்கட்டிலும் முழங்கையின் உட்புறத்திலும் சொரசொரப்பு உண்டா? இரவில் அரிப்பினால் உறக்கம் கெடுகிறதா? இவற்றைக் கேட்டறிதலே இங்கு உண்மையான சோதனையாகும்.

மூச்சு வழியின் நிலை இன்னும் கடினமானது. தோலுக்கும் கண்ணுக்கும் உள்ளது போல, ஒரு பொருள் மூச்சுக் குழலில் ஒவ்வாமையை உண்டாக்குமா என்று முன்னதாகவே கண்டறிய, எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட சோதனை முறை ஏற்படவில்லை. இது பற்றிய அறிவு பெரும்பாலும் தொழிலாளர் அடைந்த துன்பத்திலிருந்தே திரட்டப்பட்டதாகும். சோதனையில்லை என்பதனால் தீங்கில்லை என்றாகிவிடாது. நம் பட்டறைகளில் யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்று குறித்து வைப்பது, எந்த ஆய்வுக்கூடமும் அளிக்க முடியாத சான்றாகும்.

தரவுத் தாளைப் படிக்கும் விதம்

ரசாயனப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அதனைச் செய்யும் ஆலையார் "பாதுகாப்புத் தரவுத் தாள்" ஒன்றைத் தயாரிப்பது வழக்கம். ஐக்கிய நாடுகள் சபை 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது முறைப்படி இத்தாளில் 16 பிரிவுகள் இருக்கும். பட்டறைக்காரர் அனைத்தையும் படிக்க வேண்டியதில்லை. 2ஆம் பிரிவில் தீங்கின் வகையும், 4ஆம் பிரிவில் முதலுதவியும், 8ஆம் பிரிவில் கையுறை முதலிய காப்புகளும், 11ஆம் பிரிவில் சோதனை முடிவுகளும் இருக்கும். இந்நான்கினைப் படித்தால் போதுமானது.

2ஆம் பிரிவில் சில குறியெண்கள் காணப்படும். அவற்றின் பொருள் வருமாறு:

எச் 315 – தோலில் எரிச்சல் உண்டாக்கும்.
எச் 317 – தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடும்.
எச் 318 – கண்ணுக்குக் கடுமையான கேடு விளைக்கும்.
எச் 319 – கண்ணில் கடுமையான எரிச்சல் உண்டாக்கும்.
எச் 334 – மூச்சுடன் உட்சென்றால் ஒவ்வாமை, ஆஸ்துமா அல்லது மூச்சுத் திணறல் உண்டாக்கக்கூடும்.
எச் 335 – மூச்சுக் குழலில் எரிச்சல் உண்டாக்கக்கூடும்.

ரியாக்டிவ் சாயங்கள் பலவற்றின் தாள்களில் 317, 334 ஆகிய இரண்டும் காணப்படும். கோரைக்கும் வேறு சில பொருள்களுக்கும் இடப்படும் "பேசிக்" வகைச் சாயங்களின் நிலை வேறு. மலாக்கைட் பச்சை, மெத்தில் ஊதா, ரோடமின் பி ஆகியவை இவ்வகையின. இவற்றின் தாள்களில் 318 என்னும் எண்ணைப் பெரும்பாலும் காணலாம். கண்ணின் கருவிழியை இவை பற்றிப் புண்ணாக்க வல்லவை. 2024ஆம் ஆண்டில் பஞ்சு மிட்டாயில் கலந்திருந்ததாகக் கண்டறியப்பட்டு, நம் மாநிலத்தில் அதன் விற்பனை தடுக்கப்படுவதற்குக் காரணமாயிருந்தது இந்த ரோடமின் பி என்பதை வாசகர்கள் நினைவு கூரலாம்.

சாயம் என்னும் ஒரே பெயரில் வந்தாலும், ஒன்று மூச்சைத் தாக்குகிறது. மற்றொன்று கண்ணைத் தாக்குகிறது. ஆகவே, "சாயத்திற்கு எது காப்பு?" என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, "இந்தச் சாயத்திற்கு எது காப்பு?" என்றே கேட்க வேண்டும். தாளில் "தரவு இல்லை" என்றிருக்குமாயின், அதனைத் "தீங்கு இல்லை" என்று படித்தலாகாது. பெயரும் தாளுமின்றிப் பொட்டலமாகக் கட்டி விற்கும் சாயத்தை வாங்காதிருத்தலே நலம். அதனுள் இருப்பது யாதென்று அறியாதபோது மதிப்பீட்டிற்கே இடமில்லை.

பட்டறையில் மதிப்பிடும் விதம்

பொருளின் தீய குணம் ஒன்று. அக்குணம் மனிதரைச் சென்று தாக்கும் வாய்ப்பு மற்றொன்று. கூரிய அரிவாள் உறையில் இருக்கும்வரை யாரையும் வெட்டுவதில்லை. எனவே வேலையின் ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பொருள் என்ன? அது எவ்வழியாக உடலை அடைகிறது? எவ்வளவு நேரம், எத்தனை பேரை அடைகிறது?

எடுத்துக்காட்டாக, 10 கிலோ பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயமேற்றும் சிறு பட்டறையொன்றை எண்ணிக்கொள்வோம். நூலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு சாயமெனக் கொண்டால் 200 கிராம் சாயம் தேவை. நூலைப் போல் 20 மடங்கு, அதாவது 200 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 50 கிராம் வீதம் 10 கிலோ உப்பு. 20 கிராம் வீதம் 4 கிலோ சோடா ஆஷ்.

முதற்படி, நிறுத்தல். 200 கிராம் என்பது சிறிய அளவே. ஆயினும் டப்பாவைத் திறந்து, கரண்டியால் அள்ளி, தராசில் கொட்டும்போது எழும் தூசி முகத்திற்கு ஒரு சாண் தொலைவில் எழுகிறது. ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கிலும் சிறிய துகள்கள் மூக்கின் மயிரைக் கடந்து உட்செல்லும். அவை கண்ணுக்குத் தெரிவதுமில்லை. இவ்வேலை ஐந்து நிமிடமே நடப்பினும், நாள்தோறும் ஒருவரே நிறுப்பாராயின், அவ்வொருவர் மீதே அபாயம் முழுதும் விழுகிறது. மதிப்பீட்டில் இப்படிக்கே முதலிடம் தருதல் வேண்டும்.

இரண்டாம் படி, கரைத்தல். பொடியின் மீது வெந்நீரை ஊற்றினால் ஆவியுடன் தூசியும் எழும். கண்ணில் தெறிக்கவும் கூடும்.

மூன்றாம் படி, சோடா ஆஷ் சேர்த்தல். இது சாயமன்று, ஆயினும் 4 கிலோ காரப் பொடியைத் தொட்டியில் கொட்டுகையில் கண்ணையும் மூக்கையும் உறுத்துவது இதுவே. சாயத்தின் மீது பழி சுமத்தப்படும் கண்ணெரிச்சல் பலவேளைகளில் இதனால் வருவதாகும். காஸ்டிக் சோடா பயன்படுமிடத்தில் அபாயம் இன்னும் கடுமையானது. அது தோலையும் கண்ணையும் அரித்துப் புண்ணாக்கிவிடும். வாட் சாயத்திற்கு இடப்படும் ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பற்றவும், மூச்சை அடைக்கும் கந்தக வாயுவை வெளியிடவும் கூடும்.

நான்காம் படி, நூலைப் புரட்டலும் அலசலும். இங்குச் சாயத்தின் பற்றும் ஆற்றல் குறைந்து வருகிறது. ஆனால் கையும் காலும் மணிக்கணக்கில் காரநீரில் ஊறுகின்றன. ஊறிய தோல் தன் எண்ணெய்ப் பசையை இழந்து, காவலற்றதாகிறது. தோல் நோய்க்கு முதற்காரணம் இவ்விடத்திலேயே உள்ளது.

ஐந்தாம் படி, துப்புரவு. சிந்திய பொடியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால், அடங்கிய தூசி மீண்டும் எழும். பெருக்குவோர் பெரும்பாலும் பெண்களாகவே இருக்கின்றனர். சாயத்தைத் தொடாத அவர்களும் அதனைச் சுவாசிக்க நேரிடுகிறது.

இவ்வாறு படிப்படியாக எழுதிப் பார்த்தால், எங்குக் காவல் வைக்க வேண்டுமென்பது தானே விளங்கும்.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

காவல் முறைகளுக்கும் ஒரு வரிசை உண்டு. முகமூடி அவ்வரிசையில் இறுதியானதே. தூசி எழாமல் தடுப்பதே முதலாவது.

தூசி பறக்காத குருணை வடிவிலோ திரவ வடிவிலோ கிடைக்குமாயின் அவ்வகைச் சாயத்தையே வாங்குக. நிறுப்பதற்கென்று காற்றோட்டம் அடிக்காத தனி மூலையை ஒதுக்குக. அதன் அருகில் மின்விசிறியைச் சுழலவிடற்க. டப்பாவை உயரத்திலிருந்து கவிழ்க்காமல், கரண்டியைத் தாழ வைத்து மெல்ல எடுக்குக. பொடியை முதலில் சிறிதளவு குளிர்ந்த நீர் விட்டுக் களியாகக் குழைத்து, அதன் பின்னரே வெந்நீர் சேர்க்குக. சிந்திய பொடியை ஈரத் துணியால் ஒற்றி எடுக்குக, உலரப் பெருக்கற்க.

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது நுண்தூசியைத் தடுப்பதில்லை. நிறுப்பவர் "என் 95" வகை முகமூடியை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துமாறு அணிதல் வேண்டும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைப்புள்ள காப்புக் கண்ணாடி தேவை. கையுறை கிழியாததாகவும் முழங்கை வரை நீண்டதாகவும் இருக்க வேண்டும். உட்புறம் சாயம் புகுந்த கையுறை வெறுங்கையைவிடத் தீங்கானது. ஏனெனில் அது சாயத்தைத் தோலோடு வைத்துக் கட்டிவிடுகிறது.

கையில் படிந்த கறையைப் போக்கப் பிளீச்சிங் பவுடரையும் ஹைட்ரோசையும் மண்ணெண்ணெயையும் தேய்க்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. சாயம் செய்யும் கேட்டைவிட இவை செய்யும் கேடு பெரிது. சோப்பும் தண்ணீருமே போதும். எஞ்சிய கறை சில நாட்களில் தானே நீங்கும். கழுவிய பின் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது தோலின் வறட்சியைத் தணிக்கும்.

வேலைக்குரிய ஆடையைப் பட்டறையிலேயே களைந்துவிட்டு வீடு செல்லுதல் நன்று. சாயம் வந்த பிளாஸ்டிக் பீப்பாயைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவும் தானியம் கொட்டவும் பயன்படுத்துவதை அறவே விடுதல் வேண்டும். நிறுக்கும் இடத்தில் குழந்தைகளை நிற்கவிடலாகாது.

முதலுதவி

கண்ணில் சாயமோ காரமோ பட்டால், ஒரு நொடியும் தாமதியாமல், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, தூய நீரால் 15 நிமிடத்திற்குக் குறையாமல் கழுவுதல் வேண்டும். கண்ணைக் கசக்கலாகாது, தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றை விடலாகாது. கழுவிய பின் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்; செல்லும்போது சாயத்தின் பெயரெழுதிய சீட்டையோ தரவுத் தாளையோ கையோடு கொண்டு செல்க. இதன்பொருட்டுத் தொட்டியருகே தூய நீர்க் குழாயொன்று எப்பொழுதும் இருத்தல் அவசியம்.

தோலில் பட்டால் சோப்பிட்டுக் கழுவி, நனைந்த ஆடையை மாற்றுக. தூசியை உட்கொண்டு மூச்சிறைப்பவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து உட்கார வைத்து, இழுப்பு நீங்காவிடில் உடனே மருத்துவமனை சேர்ப்பிக்குக.

மூச்சுக் கோளாறில் தொழிலால் வந்ததை அறிய எளிய குறியொன்று உண்டு. வேலை நாட்களில் மாலையிலோ இரவிலோ இருமலும் நெஞ்சிறுக்கமும் மிகுந்து, விடுமுறை நாட்களில் தணிந்து, மீண்டும் வேலைக்குச் சென்றதும் திரும்புமாயின், தொழிலையே ஐயுற வேண்டும். ஓயாத தும்மலும் மூக்கொழுகலும் இதற்கு முன்னோடியாக வருவதுண்டு. தொடக்கத்திலேயே கண்டு, அவரை நிறுக்கும் வேலையிலிருந்து விலக்கினால் நலம்பெறும் வாய்ப்பு மிகுதி. காலங்கடந்து விலக்கினால், பட்டறையை விட்ட பின்னும் ஆஸ்துமா அவரை விடாது தொடரக்கூடும். அதன் பிறகு அவரால் வயல் வேலைக்கும் மீள முடியாது. நோய் கண்டவர் கூலி போய்விடுமென்று அஞ்சி அதனை மறைப்பதே பெரிய தடையாக உள்ளது. நோயுற்றவரை நீக்காமல் வேறு படியில் வேலை கொடுத்துக் காப்பது பட்டறை உடைமையாளரின் கடமையாகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இக்காரியத்திற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை, முயற்சியே வேண்டும். ஊராட்சி எல்லைக்குட்பட்ட சாயப் பட்டறைகளையும், வீட்டில் சாயமேற்றுவோரையும் கணக்கெடுத்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பட்டறையிலும் பயன்படும் சாயங்களின் தரவுத் தாள்களை உடைமையாளர் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுமாறு வற்புறுத்தலாம். தாள் ஆங்கிலத்தில் இருப்பின், மேற்கூறிய குறியெண்களின் பொருளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டச் செய்யலாம். இதற்குப் பள்ளி ஆசிரியர்களின் உதவி கிடைக்கும்.

ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். நாள், வேலையின் படி, பயன்பட்ட சாயம், கண்ட தொல்லை, விடுமுறையில் தணிந்ததா என்னும் ஐந்து செய்திகள் அதில் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கொண்டு தொழிலாளரைப் பரிசோதிக்கச் செய்து, இக்குறிப்பேட்டை அவர் முன் வைக்க வேண்டும். மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு ஊதுகுழல் கருவியைக் கொண்டு, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் ஊதச் செய்து ஒப்பிட்டால், மருத்துவருக்கு அது நல்ல சான்றாகும்.

மே மாதம் முதல் நாளன்று, தொழிலாளர் தினத்தில், நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. சாயத் தொழில் நடக்கும் ஊர்களில், அன்று எடுத்துக்கொள்ளும் பொருள்களில் ஒன்றாகப் பட்டறைத் தொழிலாளரின் உடல்நலத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நூல் நிறுப்பவர், கோரை அவிப்பவர், பட்டறை பெருக்குபவர் ஆகியோர் தம் வாயாலேயே தம் தொல்லைகளைச் சொல்ல அங்கு இடமளித்தல் வேண்டும்.

நாம் உடுத்தும் துணியின் நிறம் பலரின் உழைப்பால் வந்தது. அந்நிறம் துணியில் மட்டும் நிற்கவும், உழைத்தவரின் தோலும் கண்ணும் மூச்சும் கேடுறாதிருக்கவும் வேண்டிய அறிவு இன்று நம் கைக்கெட்டியுள்ளது. தராசின் அருகில் ஒரு முகமூடி, தொட்டியின் அருகில் ஒரு நீர்க்குழாய், சுவரில் ஒரு தாள், மேசையில் ஒரு குறிப்பேடு. இந்நான்கினையும் ஒவ்வொரு பட்டறையிலும் காணச் செய்வோமாக.